கிழங்கும் எம்பிஏவும்

சேலத்தில் ஜவ்வரிசித் தொழில் பிறந்ததும் சிகாகோவில் எக்சிகியூட்டிவ் எம்பிஏ பிறந்ததும் ஒரே வருஷம்: 1943. இரண்டுக்கும் காரணம் ஒரே போர்.

மலேயாவும் சிங்கப்பூரும் ஜப்பான் கைக்குப் போனபின் அங்கிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோனது. சேலத்தில் கருவாட்டு வியாபாரம் செய்துவந்த மாணிக்கம் செட்டியார் தொழில் நிமித்தம் கேரளம் போய்வருபவர். அமெரிக்க மக்காச்சோள மாவுக்குப் பதிலாக மரவள்ளி மாவு உதவும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டார். பினாங்கிலிருந்து வந்து சேர்ந்திருந்த பொபட்லால் ஷாவுக்கு மரவள்ளி மாவுத் தொழில் தெரியும். இருவரும் கூட்டுச் சேர்ந்து, கிடைத்த சாமான்களை வைத்து மரவள்ளியிலிருந்து மாவும் ஜவ்வரிசியும் செய்ய ஆரம்பித்தார்கள். இன்று கல்வராயன் மலையில், வெள்ளிமலையைச் சுற்றி விளைகிற மரவள்ளி லாரியேறிச் சின்னசேலம், ஆத்தூர் பக்கத்து ஜவ்வரிசி (சேகோ) ஆலைகளுக்குப் போகிறதென்றால், அதற்கு வழி போட்டது அந்தக் கூட்டு.

அமெரிக்காவில் தட்டுப்பாடு வேறு மாதிரி. கார் செய்த தொழிற்சாலை டாங்கி செய்தாக வேண்டும். இளைஞர்கள் படைக்குப் போய்விட்டார்கள். நேற்றுவரை ஒரு பிரிவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த நாற்பது வயதுக்காரர் தலையில் முழு ஆலையும் விழுந்தது. தன் பிரிவு அவருக்கு அத்துப்படி. முதலீட்டுக் கணக்கும் தொழிலாளர் பேச்சுவார்த்தையும் புதுசு. படிக்க அனுப்பலாமென்றால் இரண்டு வருஷம் அந்த நாற்காலியில் யார் உட்காருவது?

அதுவரை எம்பிஏ என்பது பெரும்பாலும் வேலைக்குப் போகுமுன் பையன்கள் படிக்கிற படிப்பு. ஹார்வர்டு 1908-இல் தொடங்கிய வகை அது. போர் முற்றியபோது ஹார்வர்டு அந்த வகுப்பையே நிறுத்திவைத்தது. நடுவயதுத் தொழில்காரர்களைப் போர் உற்பத்திக்குத் தயார்செய்ய ஒரு குறுகிய காலப் பயிற்சியை நடத்தியது. 1945-இல் அதுவே உயர் நிர்வாகிகளுக்கான பயிற்சியாக உருமாறியது. ஆனால் அங்கே பட்டம் கிடையாது. சிகாகோ செய்தது வேறு. வேலையில் இருப்பவர் வேலையிலேயே இருக்கட்டும், வகுப்பு அவருடைய நேரத்துக்கு ஏற்ப நடக்கட்டும், முடிவில் முழு எம்பிஏ பட்டமும் கையில் இருக்கட்டும் என்றது. எக்சிகியூட்டிவ் எம்பிஏ என்பது இவ்வளவுதான். இன்று அதே வகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் லண்டனிலும் ஹாங்காங்கிலும் நடத்துகிறது.

இதற்கு ஒரு முன்னோடியும் உண்டு. எம்ஐடியில் 1931-லேயே எர்வின் ஷெல் என்ற பேராசிரியர், கம்பெனிகள் பொறுக்கியெடுத்து அனுப்பிய பொறியாளர்களுக்கு நிர்வாகம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருந்தார். ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ஆல்பிரட் ஸ்லோனின் அறக்கட்டளை பின்னால் பணம் கொடுத்து, அவர் பெயரும் அந்த வகுப்புக்கு ஒட்டிக்கொண்டது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. ஆரம்பகால வகுப்புகளில் ‘எந்தப் பட்டத்தைத் தேர்ந்தெடுப்பது’ என்று மாணவன் மண்டையைக் குடைந்துகொள்ளவில்லை. ஆளைத் தேர்ந்தெடுத்தது கம்பெனி. படித்து முடித்தவனுக்கு நாற்காலியை ஒதுக்கி வைத்திருந்ததும் கம்பெனி. நம் காலத்து நடுவயதுக்காரருக்கு இருக்கும் தலைவலி, இந்தப் படிப்பு பிறந்தபோது அதனுடன் பிறக்கவில்லை.

இந்தியாவுக்கு வந்த கதையிலும் முதல் கட்டம் அப்படித்தான். இங்கிலாந்தில் தேம்ஸ் கரையிலிருந்த ஹென்லி நிர்வாகக் கல்லூரியைப் பார்த்து, 1956-இல் ஹைதராபாத்தில் இந்திய நிர்வாகப் பணியாளர் கல்லூரி உருவானது. பேரார் இளவரசர் குடியிருந்த பெல்லா விஸ்டா மாளிகையில் வகுப்பு. அதன் முதல்வராக வந்தவர், 1957-இல் ராணுவத் தலைமைத் தளபதி பதவியிலிருந்து ஓய்வுபெற்ற ஜெனரல் ஸ்ரீநாகேஷ். போரிலிருந்து கிளம்பிய ஒரு படிப்புக்கு இதைவிடப் பொருத்தமான தலைமையாசிரியர் கிடைத்திருக்க மாட்டார். ஹென்லியின் பாடமுறை அங்கே நடந்தது: அரசு அதிகாரி, ஆலை மேலாளர், வங்கிக்காரர் என்று கலந்து சிறு குழுக்களாக உட்காரவைத்து, ஒரு பிரச்சினையைக் கொடுத்து, ஆளுக்கொரு முறை தலைவராக இருந்து அறிக்கை எழுதச் சொல்வார்கள். பக்கத்தில் உட்காருகிறவர்தான் அங்கே பாடப்புத்தகம்.

ஆமதாபாத் ஐஐஎம் 1964-இல் தொடங்கிய மூன்றடுக்குப் பயிற்சி எனக்கு இன்னும் பிடித்தது. ஒரே நிறுவனத்தின் மேல்மட்டம், நடுமட்டம், கீழ்மட்ட நிர்வாகிகள் மூவகையினரும் அடுத்தடுத்து வர வேண்டும். நடுமட்டத்துக்காரர் மட்டும் படித்துவிட்டுத் திரும்பினால், “என்னப்பா, பெரிய படிப்பெல்லாம் படிச்சிட்டு வந்துட்டியா?” என்று மேலே இருப்பவர் கேட்டே அமுக்கிவிடுவார் என்பதை அறிந்த யாரோ யோசித்த ஏற்பாடு. முதலாளியும் அதே வகுப்பில் உட்கார்ந்து எழுந்தவரென்றால் அந்தக் கேள்வி வராது. இந்த யோசனை ஏன் பெரிதாகப் பரவவில்லை என்பதுதான் ஆச்சரியம். முதலாளிகளுக்கு வகுப்பில் உட்காரப் பிடிக்காது என்று வைத்துக்கொள்ளலாம்.

பணம் கட்டுபவர் மாறியது மெல்ல மெல்ல. மாலைநேர வகுப்புகள் வந்தன. சென்னையில் 1979-இல் லயோலா வளாகத்து லிபா நிர்வாகக் கல்லூரி வேலை பார்ப்பவர்களுக்கான பகுதிநேர வகுப்புடன் தொடங்கியது. அதே வருஷம் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொலைதூரக் கல்வியைத் திறந்தது. எங்கள் கள்ளக்குறிச்சியும் சிதம்பரமும் அப்போது ஒரே தென்னார்க்காடு மாவட்டம். எங்கள் பக்கத்தில் ‘கரஸ்ல எம்பிஏ கட்டியிருக்கேன்’ என்பவர்களில் பெரும்பாலோர் கட்டியது அங்கேதான். ‘கட்டுவது’ என்ற சொல்லே போதும், பணம் யாருடையது என்று. கம்பெனி அனுப்பவில்லை, சொந்தச் சம்பளத்திலிருந்து போகிறது. நாற்காலியும் காத்திருக்கவில்லை, பட்டத்தை வைத்துக்கொண்டு நாற்காலி தேட வேண்டும்.

இப்போது கடை விரிந்து கிடக்கிறது. சென்னையில் ஐஐடியும் திருச்சி ஐஐஎம்மும் வேலை பார்ப்பவர்களுக்கென்றே வார இறுதியில் நடத்துகின்றன, கட்டணம் லட்சங்களில். ஐஐஎம்கள் பல வருஷம் கொடுத்தது டிப்ளமோதான். 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2018 ஜனவரி 31 முதல் நடைமுறைக்கு வந்த பிறகே அவற்றுக்குப் பட்டம் கொடுக்கும் அதிகாரம் கிடைத்தது. ‘எக்சிகியூட்டிவ்’ என்று பெயர் வைத்து இணையத்தில் விற்கும் சான்றிதழ்கள் பலவும் பட்டமே இல்லை. பட்டம் தருவதானால் பல்கலைக்கழகமாகவோ, தனிச் சட்டத்தால் அந்த அதிகாரம் பெற்றதாகவோ இருக்க வேண்டும்; தொலைதூரம், இணையவழி என்றால் யுஜிசி அனுமதிப் பட்டியலில் அந்த வருஷத்துக்கு அந்தப் படிப்பின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். ஐந்து நிமிஷ வேலை. விளம்பரத்தைப் பார்த்து முன்பணம் கட்டிவிட்டுப் பிறகு பார்ப்பவர்கள்தான் அதிகம்.

வெள்ளிமலையில் நாற்பது வயதில் ஒருவர் இதை யோசிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகீர்களாக இருந்த மலை முழுதாக அரசின் கைக்கு வந்ததே 1976-இல்தான். மாதச் சம்பளம், பதவி உயர்வு என்ற கணக்கெல்லாம் இங்கே இளசு. நம்மாள் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் தலைமை நிர்வாகி. 2020-இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் அந்த வேலைக்கு மாதம் 25,000 ரூபாய்வரை உதவி வைத்திருந்தார்கள். விசிட்டிங் கார்டில் சிஇஓ. காலையில் அவருக்கு முன்னால் விவசாயிக்கும் ஆலைக்காரருக்கும் நடக்கிற பேச்சு இப்படி இருக்கும்:

“எத்தன பாயிண்ட்டுண்ணே?”

“இருபத்தி நாலு.”

“போன வாரம் இருபத்தேழு போட்டீங்களே?”

“மழ பேஞ்சிருக்குல்ல, கெழங்குல தண்ணி ஏறிக்கிச்சு தம்பி.”

மரவள்ளிக்கு விலை எடைக்கு மட்டும் கிடையாது; மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்து, பாயிண்டுக்கு இவ்வளவு என்று போடுவார்கள். பாயிண்ட் பார்க்கிற தராசு ஆலைக்காரரிடம் இருக்கிறது. பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கறுத்துக் கெட ஆரம்பித்துவிடும். விலை படியவில்லை என்று லாரியைத் திருப்பி மலையேற்ற முடியாது. திருப்பினால் வாடகையும் போகும் சரக்கும் போகும். மழையில் மாவுச்சத்து குறைவது உண்மைதான். மூன்று பாயிண்ட் குறைந்ததா என்பதுதான் கேள்வி. ஆலை முதலாளிகள் 1981-லேயே சேகோசர்வ் என்று கூட்டுறவுச் சங்கம் அமைத்து, ஜவ்வரிசியையும் மாவையும் அதன் வழியே விற்கக் கற்றுக்கொண்டார்கள். கிழங்கு போடுகிறவர் பெரும்பாலும் இன்னும் தனி ஆள்.

ஹார்வர்டு வகுப்பில் விவாதத்துக்குக் கொடுக்கும் எந்தப் பிரச்சினைக்கும் இது இளைத்ததில்லை. ஆனால் நம்மாள் சனிக்கிழமை சென்னை வகுப்புக்கு வெள்ளி இரவே கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறிப் போய் உட்கார்ந்தால், பக்கத்தில் மென்பொருள் கம்பெனி மேலாளரும் வங்கி அதிகாரியும் இருப்பார்கள். நல்லவர்கள்தான். அவர்களோடு பேசி இணையச் சந்தையும் கடன் கணக்கும் தெரிந்துகொள்ளலாம். பாயிண்ட் தராசைப் பற்றி அவர்கள் என்ன சொல்லிவிட முடியும்? இணைய வகுப்பென்றால் சிக்னல் தேடிப் பாறைமேல் ஏற வேண்டும். கரஸில் கட்டினால் செலவு குறைவு, பக்கத்தில் ஆளே இல்லை. இந்தப் படிப்பின் உயிரே அந்தப் பக்கத்து ஆள்தான். லட்சங்களில் கடன் வாங்கிப் படித்த பட்டம் அவரைச் சென்னையிலோ ஓசூரிலோ ஒரு வேலைக்கு ஏற்றிவிடும் என்பது வேறு விஷயம். அதுதான் ஆசையென்றால் தாராளமாகச் சேரலாம். ஆனால் நிறுவனத்துக்காகப் படிக்கிறேன் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம்.

நிறுவனத்துக்காகத்தான் என்றால் அவர் பார்க்க வேண்டிய முகவரி குஜராத்தில் ஆனந்த். பால் கூட்டுறவுகளுக்கு நிர்வாகிகள் வேண்டுமென்று வர்கீஸ் குரியன் 1979-இல் அங்கே இர்மா என்ற ஊரக நிர்வாகக் கல்வி நிறுவனத்தைத் தொடங்கினார். நகரத்துக் கம்பெனிக்குப் படித்தவரை வைத்து விவசாயிகளின் சொத்தை நடத்த முடியாது என்பது அவர் கட்சி. வேலையில் இருப்பவர்களுக்கு அங்கே குறுகிய காலப் பயிற்சிகள் உண்டு. புனேயில் கூட்டுறவு நிர்வாகத்துக்கென்றே வைகுண்ட மேத்தா நிறுவனம் இருக்கிறது. 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தால் இர்மா திரிபுவன் சஹகாரி பல்கலைக்கழகம் ஆகியிருக்கிறது. இனி அங்கே படித்தால் பட்டமும் உண்டு. நம் சிஇஓ சேரப் போகிறாரென்றால், செலவை நிறுவனக் கணக்கில் எழுதத் தீர்மானம் போடச் சொல்லிப் பொதுக்குழுவைக் கேட்கட்டும். கூடவே, இயக்குநர்களில் இருவரையும் ஒரு வாரப் பயிற்சிக்கு அனுப்பக் கேட்கட்டும். கிழங்கு போடும் இயக்குநர் ஒருவர் அந்த வகுப்பில் உட்கார்ந்தால், முதலில் தராசைப் பற்றித்தான் கேட்பார்.