பரிசோதனை மேசையும் பெண்ணின் சம்மதமும்

நோயைத் தொடக்கத்திலேயே கண்டறியும் பரிசோதனை தன்னளவில் நன்மையானது. ஆயினும் பால்வினை நோய்ப் பரிசோதனைக்கென்று மருத்துவமனைப் படியேறப் பெண்கள் இன்றும் தயங்குகின்றனர். சபைகளில் பணியாற்றும் நாம் அத்தயக்கத்தை அறியாமை என்று கூறிக் கடந்துவிடுகிறோம். அவ்வாறு தீர்ப்பளிக்குமுன், அரசாங்கமும் மருத்துவமும் ஒரு காலத்தில் இப்பரிசோதனையைப் பெண்கள்மீது எவ்வாறு பிரயோகித்தன என்பதை நினைவுகூருதல் தகும்.

1864-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் பாராளுமன்றம் தொற்றுநோய்ச் சட்டம் ஒன்றை இயற்றி, 1866-இலும் 1869-இலும் அதனை விரிவாக்கியது. படைவீரர்களை மேகநோயினின்று காப்பதே அதன் நோக்கம். இராணுவ நகரங்களிலும் துறைமுகங்களிலும் ஒரு பெண் விலைமாது என்று காவலர் ஐயுற்றாலே போதும். அவள் மருத்துவர் முன் நிறுத்தப்பட்டு, உலோகக் கருவியால் உட்சோதனைக்கு உட்படுத்தப்படுவாள். மறுத்தால் சிறை. நோய் இருப்பதாகக் கருதப்பட்டால் ‘லாக் ஆஸ்பத்திரி’ எனப்பட்ட அடைப்பு மருத்துவமனையில் அவளை வைத்திருக்கலாம். 1869-இன் சட்டப்படி அக்காவல் ஒன்பது மாதங்கள்வரை நீளக்கூடும்.

ஆண்களுக்கு இத்தகைய சோதனை இல்லை. படைவீரர்களுக்கு முன்பு நடைபெற்றுவந்த உடற்சோதனை, அவர்தம் தன்மானத்திற்கு இழுக்கு என்று கருதப்பட்டு 1859-இல் கைவிடப்பட்டிருந்தது! வீரனுக்கு இழுக்கானது பெண்ணுக்கு எங்ஙனம் இழுக்காகாது போயிற்று என்பதைச் சட்டம் இயற்றியோர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

திருச்சபை என்ன செய்தது? குருமார் பலர் இச்சட்டத்தை ஆதரித்தனர். வேறு பலர் இது பேசத்தகாத பொருள் என்று வாளாவிருந்தனர். எதிர்த்தெழுந்தவர்களுள் முதன்மையானவர் ஜோசபின் பட்லர் (1828–1906). அவர் கணவர் ஜார்ஜ் பட்லர் ஆங்கிலிக்கன் குரு. லிவர்பூல் கல்லூரியின் தலைமையாசிரியர். தம் ஒரே மகளை 1864-இல் விபத்தில் பறிகொடுத்த அம்மையார், லிவர்பூலின் ஏழையர் விடுதிக்குச் சென்று, அங்குப் பழங்கயிறு பிரித்துக்கொண்டிருந்த பெண்களோடு தரையில் அமர்ந்து தாமும் கயிறு பிரித்தார். 1869-இன் இறுதியில் தொடங்கிய பெண்கள் இயக்கத்தை அவரே தலைமை தாங்கி நடத்தினார். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒழுக்கநெறி ஒன்றே என்பது அவர் வாதத்தின் அடித்தளம்.

1871-இல் நாட்டிங்ஹாமில் கூடிய திருச்சபை மாநாட்டில் ஜார்ஜ் பட்லர் இப்பொருள்பற்றிப் பேச முற்பட்டபோது, உடன் ஊழியர்களே கூச்சலிட்டு அவரைத் தடுத்தனர். ஊழியத்தில் உயர்வு அவருக்கு எளிதில் கிட்டாமற்போனதற்கு மனைவியின் போராட்டமும் ஒரு காரணம் என்பர். அதனை அவர் பொருட்படுத்தினார் அல்லர்.

1875-இல் ஆல்டர்ஷாட் நகரில் திருமதி பெர்சி என்னும் பாடகி தம் மகளுடன் உட்சோதனைக்கு வருமாறு காவலரால் நெருக்கப்பட்டார். அவர் இணங்கவில்லை. பிழைப்பு பறிபோயிற்று, இறுதியில் கால்வாயில் அவர் உடல் மிதந்தது. சட்டத்தின் தன்மையை ஆயிரம் சொற்பொழிவுகளைவிட இம்மரணம் நாட்டாருக்கு உணர்த்தியது. 1883-இல் கட்டாயச் சோதனை நிறுத்தப்பட்டு, 1886-இல் சட்டம் முற்றிலும் நீக்கப்பட்டது.

இக்கொடுமையால் விளைந்த மருத்துவப் பயனும் ஐயத்திற்குரியதே. வெட்டை நோயின் கிருமியை நைசர் கண்டறிந்தது 1879-இல். மேகப்புண்ணின் கிருமி 1905-இல்தான் அறியப்பட்டது. அதற்குரிய இரத்தச் சோதனையை வாசர்மன் 1906-இல் வெளியிட்டார். ஆகவே, சட்டம் நடப்பிலிருந்த காலம் முழுவதும் மருத்துவர்கள் பெரும்பாலும் கண்ணால் கண்டதைக் கொண்டே தீர்ப்புச் செய்தனர். நோயில்லாதவள் அடைக்கப்பட்டதும், நோயுள்ளவள் நற்சான்றுடன் அனுப்பப்பட்டதும் இயல்பே.

நம் நாட்டிற்கும் இதில் பங்குண்டு. சென்னை மாகாணத்தில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே லாக் ஆஸ்பத்திரிகள் இருந்தன. பெங்களூர், பரங்கிமலை, திருச்சி போன்ற படைநிலைகளில் பெண்கள் பதிவு செய்யப்பட்டுச் சோதிக்கப்பட்டனர். 1868-இல் இந்தியாவுக்கென்றே ஒரு தொற்றுநோய்ச் சட்டம் பிறந்தது. 1888-இல் அது நீக்கப்பட்ட பின்னும் படைநிலைகளில் பழைய வழக்கம் வேறு பெயரில் தொடர்ந்தது. எலிசபெத் ஆண்ட்ரூ, கேத்தரின் புஷ்நெல் என்னும் இரு அமெரிக்கக் கிறிஸ்தவப் பெண்மணிகள் 1891–92-இல் படைநிலைகளுக்கு நேரில் சென்று, அப்பெண்களின் வாய்மொழியையே சாட்சியமாகத் திரட்டினர். அதனை முதலில் மறுத்த தளபதி ராபர்ட்ஸ் பிரபு, 1893-இல் விசாரணைக்குப்பின் தம் மறுப்புக்கு வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது.

மாற்றுவழி 1916-இல் பிரிட்டனில் பிறந்தது. இலவசமாக, இரகசியமாக, தாமே விரும்பி வருவோர்க்குச் சிகிச்சை அளிக்கும் நிலையங்கள் உள்ளாட்சிகள்தோறும் அமைக்க விதி செய்யப்பட்டது. அதன் வாசல் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவானது. எனினும் பழைய குணம் எளிதில் மாறுவதில்லை. 1918-இல் போரைக் காரணம் காட்டிப் பெண்களைமட்டும் குறிவைத்த ஆணை ஒன்று மீண்டும் தலைகாட்டிற்று.

சென்னையில் 1986-இல் நடந்தது இவ்வரலாற்றோடு இணைத்துப் படிக்கத்தக்கது. மருத்துவர் சுனிதி சாலமன் வழிகாட்டுதலில், மயிலாப்பூரில் பெண்களை அடைத்துவைத்திருந்த இல்லத்தில் இரத்தம் எடுக்கப்பட்டு, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டது. எய்ட்ஸ் கிருமி இந்தியாவில் இருப்பது அவ்வாறுதான் முதன்முதலாக வெளிப்பட்டது. நாட்டிற்கு அது பேருதவி. அதன்பின் டாக்டர் சாலமன் தம் வாழ்நாளையே அந்நோயாளிகளுக்கு அளித்தார். ஆனால் எதற்காக இரத்தம் எடுக்கப்படுகிறது என்பது அப்பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. பிற்பாடு, கிருமி கண்ட பெண்கள் தண்டனைக் காலம் முடிந்தும் காவலிலேயே வைக்கப்பட்டனர்; பொதுநல வழக்கின் பேரில் 1990-இல் சென்னை உயர்நீதிமன்றம் தலையிட்டு விடுவிக்கச் செய்தது.

சோதனைக்குமுன் விளக்கமும் சம்மதமும், சோதனைக்குப்பின் இரகசியமும் வேண்டும் என்று இந்தியப் பாராளுமன்றம் எய்ட்ஸ் சட்டத்தில் எழுதியது 2017-இல். மயிலாப்பூரில் இரத்தம் எடுக்கப்பட்டு அப்போது 31 ஆண்டுகள் ஆகியிருந்தன.