விற்பனைச் சொற்களுக்குள் ஒரு வரலாறு



சம்பள நாளன்று தோட்டத்துக்கு வரும் துணி வியாபாரி, பாயை விரித்து "லேலோங்! லேலோங்!" என்று கூவினால், சிறுவர் முதல் கிழவர் வரை ஓடிப்போய்ச் சூழ்ந்துகொண்ட காலம் ஒன்று உண்டு. அந்த ஒரு சொல்லுக்குள் ஐந்நூறு ஆண்டு வரலாறு அடங்கியிருக்கிறது என்றால் நம்புவீர்களா? 1511-இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துக்கீசியர் ஏலத்தை 'லெய்லாவ்' என்றார்கள். மலாய்க்காரர் நாவில் அது 'லேலோங்' ஆயிற்று. நம்முடைய 'ஏலம்' என்ற சொல்லையும் அதே குடும்பத்தில் சேர்த்துச் சொல்வார்கள்.

போர்த்துக்கீசியர் போனார்கள், டச்சுக்காரர் போனார்கள், பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள். அவர்கள் ரப்பர்த் தோட்டத்தை மட்டும் கொண்டுவரவில்லை. வாங்கவும் விற்கவும் தங்கள் சொற்களையும் கொண்டுவந்தார்கள். அவற்றுள் சிலவற்றைப் பிரித்துப் பார்ப்போமா?

விற்பதை ஆங்கிலத்தில் 'செல்' என்கிறோம். பழைய ஆங்கிலத்தில் அதற்குக் 'கொடுத்தல்' என்றுதான் பொருள். காசு பிறகு வந்து ஒட்டிக்கொண்டது! மலிவைக் குறிக்கும் 'சீப்' என்ற சொல்லுக்கோ ஆதியில் 'வாணிகம்' என்றே பொருள். லண்டன் மாநகரின் சீப்சைடு என்ற தெரு, பழைய சந்தைத் தெருதான்.

மளிகைக்காரரைக் 'குரோசர்' என்கிறார்கள். மொத்தமாக வாங்கி விற்பவர் என்பது அதன் பழம்பொருள். லண்டனில் மிளகு வியாபாரிகளின் சங்கம் ஒன்று 1180-லேயே இருந்தது. பின்னாளில் அதுவே குரோசர்கள் சங்கமாயிற்று. அந்த மிளகு எங்கே விளைந்தது? நம் மேற்கு மலைச்சாரலில், மலையாளக் கரையில்! நம் பக்கத்து மிளகு அங்கே ஒரு சொல்லையே வாழவைத்திருக்கிறது, பாருங்கள்.

ஏலத்துக்கு ஆங்கிலத்தில் 'ஆக்‌ஷன்'. 'கூட்டுதல்' என்ற பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. விலையைக் கூட்டிக் கூட்டிக் கேட்பதுதானே ஏலம்? டச்சு ஏலம் என்று இன்னொன்று உண்டு. அதில் எல்லாம் தலைகீழ். அதிக விலையில் தொடங்கிக் குறைத்துக்கொண்டே வருவார்கள். முதலில் "எனக்கு" என்பவருக்குச் சரக்கு.

மாணவர்களுக்குப் பிடித்த கதை ஒன்று சொல்கிறேன். பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் மெழுகுவத்தி ஏலம் நடந்தது. ஓர் அங்குல மெழுகுவத்தியைக் கொளுத்தி வைப்பார்கள். அது அணையும்போது கடைசியாகக் கேட்டவருக்கே பொருள். 1662-இல் கப்பல் ஏலம் ஒன்றைப் பற்றி சாமுவேல் பீப்ஸ் என்பவர் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். ஒருவர் மட்டும் சரியான நேரத்தில் விலை கேட்டு வென்றாராம். எப்படி என்று விசாரித்தால், சுடர் அணையும் முன் புகை கீழ்நோக்கி இறங்கும், அதைத்தான் கவனித்தேன் என்றாராம். மற்றவர்கள் தீயைப் பார்த்தார்கள், அவர் புகையைப் பார்த்தார்! கவனம் என்பது இதுதான், தம்பி தங்கைகளே.

அடுத்தது நம் வீட்டுக்குள்ளேயே இருக்கும் சொல்: 'ஹையர் பர்ச்சேஸ்', அதாவது தவணைமுறை. 'ஹையர்' என்றால் வாடகை. வாடகை என்ற சொல் முன்னே நிற்பதைக் கவனியுங்கள். 1895-இல் லண்டனில் பிரபுக்கள் சபை வரை போன வழக்கு ஒன்று. ஒருவர் 36 மாதத் தவணைக்கு ஒரு பியானோ எடுத்தார். சில மாதங்களிலேயே அதை அடகு வைத்துவிட்டார். கடைசித் தவணை கட்டும்வரை அது அவர் பொருளே அல்ல, கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பாயிற்று. நம் நாட்டில் இதற்கென்று 1967-இல் சட்டம் வந்தது. "மோட்டார் சைக்கிள் வாங்கிட்டேன்!" என்று இனிப்புக் கொடுக்கும் தம்பி, உண்மையில் அன்றைக்கு வாடகைக்குத்தான் எடுத்திருக்கிறார். ஆகவே கையெழுத்துப் போடும் முன்னே படியுங்கள்; படிக்கத் தெரியாவிட்டால் பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இனி, நம் நெஞ்சைச் சுடும் சொல்லுக்கு வருவோம். சில்லறை விற்பனையை 'ரீடெயில்' என்கிறார்கள். பழைய பிரெஞ்சு மொழியில் அதன் வேர், 'வெட்டுதல்'. துணி வெட்டும் 'டெய்லர்' என்ற சொல்லுக்கும் அதே வேர்தான். முழுத் துணியை வாங்கி, முழம் முழமாக வெட்டி விற்றால் லாபம். துணியை வெட்டினால் யாருக்கும் நோவதில்லை. ஆனால் தோட்டத்தை வெட்டினால்?

1950-ஆம் ஆண்டுகளில் அதுதான் நடந்தது. வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் முழுசாக வாங்கி, துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நாம் சொல்வது இதைத்தான். சின்னத் துண்டு வாங்கியவருக்கு இத்தனை ஆள் எதற்கு? பால்மரம் வெட்டியவருக்கு வேலை போயிற்று. வேலையோடு லயத்து வீடும் போயிற்று. "நாளைக்கு எங்கே போறது?" என்று பெட்டி படுக்கையோடு நின்ற குடும்பங்கள் எத்தனை! 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அஸீஸ் ஆராய்ந்து அறிக்கையாகவே எழுதினார்.

அந்த நேரத்தில் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தோட்டம் தோட்டமாகப் போய் ஒரு வழி சொன்னார். விற்பது அவர்கள் கையில் இருக்கலாம். வாங்குவது நம் கையில் இருக்கக்கூடாதா? 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. ஒரு பங்கு நூறு வெள்ளி. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். ஆம், அதுவும் தவணைதான்! கடன் சுமையாக வந்த அதே தவணை, இங்கே சொத்துக்குப் படியாயிற்று. கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் தொழிலாளர் பணத்தில் வாங்கப்பட்டது. வெட்டுப்படாமல், முழுசாக!

அன்பர்களே, சொல் தெரியாதவனிடம் எதையும் விற்றுவிடலாம். சொல் தெரிந்தவன் நின்று கேள்வி கேட்பான். இன்று மேடையேறிப் பரிசு வாங்கும் பிள்ளைகள் நாளை தங்கள் வீட்டுப் பத்திரங்களைப் படித்துச் சொல்லட்டும். பெற்றோர் பட்ட பாட்டுக்கு அதைவிடப் பெரிய பரிசு வேறென்ன?

வாழ்க தமிழ்ப்பள்ளி! வளர்க நம் மாணவமணிகள்!