இளஞ்சிவப்புத் துண்டுப் பிரசுரம்

1950-ஆம் ஆண்டில் அமெரிக்க செனட்டில் கலிபோர்னியா மாகாணத்தின் ஸ்தானத்துக்கு நடந்த போட்டியில், ரிச்சர்டு நிக்ஸனை எதிர்த்து நின்ற ஹெலன் ககாகன் டக்ளஸ், நாடக மேடையிலும் ஆபரா சங்கீதத்திலும் கீர்த்தி பெற்ற பின் அரசியலுக்கு வந்து, 1944 முதல் மும்முறை பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். சர்க்கார் செலவில் வரும் பாசன நீர் ஒருவருக்கு 160 ஏக்கருக்கு மேல் கிடைக்கலாகாது என்ற சட்டத்தைப் பெருநில முதலாளிகளுக்கு எதிராகக் காத்து நின்றவர்.

அவரைக் கம்யூனிஸ்டுச் சார்புடைய ‘இளஞ்சிவப்பு மாது’ என்று முதலில் ஏசியவர் நிக்ஸன் அல்லர். டக்ளஸின் சொந்தக் கட்சிக்குள்ளேயே அந்த ஸ்தானத்துக்குப் போட்டியிட்ட பத்திரிகை அதிபர் மான்செஸ்டர் பாடி. அந்த வசையை எடுத்து ஆயுதமாகத் தீட்டியவர் நிக்ஸனின் பிரசார நிர்வாகி மர்ரே சோட்டினர். பிரதிநிதிகள் சபையின் இடதுசாரி அங்கத்தினர் விட்டோ மார்க்கன்டோனியோவுடன் சேர்ந்து டக்ளஸ் 354 முறை வாக்களித்தார் என்ற கணக்கு, இளஞ்சிவப்புக் காகிதத்தில் லட்சக்கணக்கில் அச்சாகி மாகாணமெங்கும் பரவிற்று. அவற்றுள் பல டக்ளஸின் கட்சியினர் பெரும்பாலோரும் ஆதரித்த தீர்மானங்கள் என்பதையும், நிக்ஸனே பல முறை அதே மார்க்கன்டோனியோவின் பக்கம் வாக்களித்தவர் என்பதையும் அந்தக் காகிதம் மறைத்தது. பொய்யான எண் ஒன்றுகூட இல்லாமலே பொய் சொல்லும் சாமர்த்தியம் அது.

ஆனால் எண்ணைவிட நிறமே அதிகம் பேசியது. அது கம்யூனிஸத்தின் வெளிறிய சாயல்; அதே சமயம் பெண்களின் ஆடைக்குரியதென அந்நாட்டார் கருதும் வர்ணம். ஜூன் மாதத்தில் கொரியாவில் யுத்தம் மூண்டு ஜனங்களின் மனம் கலங்கியிருந்த வேளையில், தேசத் துரோக சந்தேகமும் பெண்ணைப் பற்றிய பழைய அவநம்பிக்கையும் ஒரே காகிதத்தில் கலந்தன. டக்ளஸ் உள்ளாடை வரையிலும் இளஞ்சிவப்பே என்று நிக்ஸன் பேசியதாகச் சரித்திராசிரியர்கள் எழுதுகிறார்கள். ஓர் ஆணின் கொள்கையைக் கண்டிப்பதற்கு அவனுடைய உடை வரையில் இறங்க வேண்டுமென்று எவருக்கும் தோன்றுவதில்லை.

டக்ளஸும் மௌனமாக இருக்கவில்லை. கொரியாவுக்கான உதவியை எதிர்த்து நிக்ஸனும் மார்க்கன்டோனியோவும் ஒருங்கே வாக்களித்ததை எடுத்துக்காட்டினார். ‘தந்திரக்கார டிக்’ என்று எதிரியை ஏசினார். அது பலிக்கவில்லை. ஆணின் வாயில் வீரமாகத் தோன்றும் கடுஞ்சொல் பெண்ணின் வாயில் அடங்காமையாகத் தோன்றும்படி பழகிய செவிகளுக்கு முன்னால், இருவர் கையிலும் இருந்த ஆயுதம் ஒன்றேயானாலும் போர் சமமானதன்று என்பதே என் துணிபு.

யுத்தமும், பிளவுபட்ட கட்சியும், பகைத்து நின்ற பத்திரிகைகளும் தோல்விக்குக் காரணங்களே. எனினும் அந்தப் பிரசாரத்தின் பங்கை யாரும் குறைத்து மதிப்பிடலாகாது. சுமார் 6,80,000 வாக்கு வித்தியாசத்தில் நிக்ஸன் ஜயித்தார். இரண்டே ஆண்டுகளில் உபஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். டக்ளஸ் அதன்பின் எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை. கலிபோர்னியா தன் முதல் பெண் செனட்டர்களைத் தேர்ந்தெடுத்தது 1992-ஆம் ஆண்டில்.