பெங்களூரில் பிறக்காத குவார்க்

கமுதிக்காரரான இயற்பியலாளர் ஜி. ராஜசேகரன் தன் நினைவுகளில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். 1961இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் பெங்களூரில் ஒரு கோடைப் பள்ளி நடத்தியது. பாடம் எடுக்க வந்தவர்கள் மர்ரே கெல்மான், ரிச்சர்ட் டாலிட்ஸ். கெல்மான், தான் புதிதாகக் கண்டிருந்த எட்டு எட்டான துகள் குடும்பங்களைப் பற்றிப் பேசினார். கேட்டுக்கொண்டிருந்த டாலிட்ஸ் விடாமல் ஒன்றையே கேட்டார்: இந்தக் கணிதத்தில் மூன்று பேர் கொண்ட குடும்பமும் இருக்கிறதே, அதை ஏன் தொடாமல் போகிறீர்கள்? கெல்மான் ஒவ்வொரு முறையும் நழுவினார். அன்றைக்கே பதில் சொல்லியிருந்தால், அந்த மூவர் குடும்பமான குவார்க் மூன்று ஆண்டு முன்னதாகப் பெங்களூரிலேயே பிறந்திருக்கும் என்பது, அந்த வகுப்பில் இருந்த ராஜசேகரனின் ஆதங்கம்.

புதுச்சேரிக் கல்லூரிகளில் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்று, தவளக்குப்பத்தில் கடலூர் சாலைப் பேருந்து இரைச்சலுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் எனக்கு அந்த ஆண்டின்மேல் தனிப் பிரியம் உண்டு. அந்தக் கோடையில் எங்கள் ஊர் சட்டப்படி இந்தியாவில் இல்லை. ஆட்சி கைமாறியது 1954 நவம்பர் 1இல். பிரான்சின் ஒப்புதல் முடிந்து ஒப்பந்தம் செல்லுபடியானது 1962 ஆகஸ்ட் 16இல். இடைப்பட்ட காலத்தில் நாங்கள் நடைமுறையில் இந்தியர், காகிதத்தில் இல்லை. டாலிட்ஸ் கேட்ட மூவர் குடும்பம் நேர்மாறு. காகிதத்தில் இருந்தது, நடைமுறையில் யாரும் பார்த்ததில்லை.

எட்டின் கதை மெசான்கள் என்ற துகள்களிலிருந்து வருகிறது. அணுக்கருவைக் கட்டிவைக்க ஒரு துகள் வேண்டும் என்று யுகாவா 1935இல் கணித்தார். பிரிஸ்டலில் பாவெல் குழுவினர் 1947இல் ஒளிப்படப் பசைத் தகடுகளில் பையான் என்ற அந்தத் துகளைக் கண்டார்கள். அதே ஆண்டு மேகக்கூடத்தில் கேயான் என்ற இன்னொரு மெசானின் தடமும் கிடைத்தது. 1961 தொடங்கும்போது பையான் மூன்று, கேயான் நான்கு, ஆக ஏழு. எட்டு இலை போட்ட பந்தியில் ஏழு பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள். எட்டாவது ஆளான ஈட்டா, 548 எம்.இ.வி நிறையோடு, அந்த ஆண்டு முடிவதற்குள் வந்து சேர்ந்தது. ரோ, ஒமேகா என்ற மெசான்களும் அதே ஆண்டுதான். கெல்மான் பாடம் நடத்திய வேளையில் சான்றுகள் ஒவ்வொன்றாய் வந்துகொண்டிருந்தன.

எட்டு என்ற எண் எங்கிருந்து வருகிறது? மூவரையும் அவர்களின் எதிர்மூவரையும் ஜோடி சேர்த்தால் ஒன்பது. அது எட்டாகவும் ஒன்றாகவும் பிரியும். ஆகவே மூன்றைக் கேட்காமல் எட்டை மட்டும் பேசுவது விசித்திரம்தான். ஆனால் கெல்மான் சோம்பலால் நழுவினார் என்று எனக்குத் தோன்றவில்லை. 1956இலேயே ஜப்பானில் சகாட்டா அந்த மூன்று இடங்களிலும் புரோட்டான், நியூட்ரான், லாம்டாவை உட்கார வைத்துவிட்டார். அந்த மூன்றுக்கு மட்டும் மூலத்துகள் பட்டமா, அதே வகைத் துகள்களான சிக்மாவுக்கும் க்சைக்கும் என்ன குறைந்துபோனது என்பதுதான் கெல்மானின் வழக்கே. மூன்று என்று வாய் திறந்தால் சகாட்டாவிடமே திரும்ப வேண்டியிருக்கும். இதற்கு ஆவணம் கேட்காதீர்கள், என் ஊகம்.

1963 மார்ச்சில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் செர்பர் அதே கேள்வியைக் கேட்டார். இந்த முறை கெல்மான் கணக்குப் போட்டார். மூவரின் மின்னூட்டம் மூன்றில் இரண்டு, கழித்தல் மூன்றில் ஒன்று என்று வந்தது. அப்படியொரு பின்ன மின்னூட்டத்தை எந்தக் கருவியும் காட்டியதில்லை. இருந்தும் 1964 பிப்ரவரியில் அந்த மூவரும், மேல், கீழ், விந்தை என்ற குவார்க்குகளாக, இரண்டு பக்கக் கட்டுரையில் அச்சேறினார்கள். நேர் பையான் என்பது ஒரு மேல் குவார்க், ஓர் எதிர் கீழ் குவார்க்: மூன்றில் இரண்டும் மூன்றில் ஒன்றும் சேர்ந்து ஒன்று. எதிர் கீழ் குவார்க்குக்குப் பதில் விந்தைக் குவார்க்கின் எதிரி வந்தால் அது கேயான்.

என்னைக் கேட்டால், கெல்மானின் கணக்கைவிட ஃபை மெசானின் சாட்சிதான் வலுவானது. 1962இல் கிடைத்த அதன் நிறை 1019 எம்.இ.வி. இரண்டு கேயான்களாக உடைந்தால் மிஞ்சும் ஆற்றல் 30 சொச்சம். மூன்று பையான்களாக உடைந்தால் 600. தாராளமாக ஆற்றல் கிடைக்கும் பக்கம்தான் சிதைவு பாயும் என்று எவரும் எதிர்பார்ப்பார்கள். ஃபை பிடிவாதமாகக் கேயான் பக்கமே போகிறது, நூற்றுக்கு எண்பதுக்கு மேல். இதைப் பார்த்துத் திகைத்தவர் ஜார்ஜ் ஸ்வைக், அப்போது இருபத்தாறு வயது இளைஞர். ஃபைக்குள் இருப்பது விந்தைக் குவார்க்கும் அதன் எதிரியும் என்று வைத்துக்கொண்டால் புதிர் அவிழ்கிறது: அந்த இரண்டும் ஆளுக்கொரு கேயானில் போய் அமர்ந்துகொள்கின்றன, பையானில் அவற்றுக்கு இடமே இல்லை. 1964 ஜனவரியில் ஜெனிவாவின் செர்ன் ஆய்வகத்தில் அவர் எழுதிய நீண்ட அறிக்கை எந்த ஆய்விதழிலும் அப்போது வரவில்லை. கெல்மானுக்குக் குவார்க் வெகுகாலம் கணித வசதி; ஸ்வைக்குக்கு அது முதல் நாளிலிருந்தே பொருள்.

இதனால்தான் ராஜசேகரனின் ஆதங்கத்தோடு எனக்குச் சின்னப் பிணக்கு. 1961இல் ஃபை இல்லை. கெல்மான் அன்று பதில் சொல்லியிருந்தாலும், அந்தப் பின்னங்களுக்குச் சாட்சி சொல்ல ஒரு மெசானும் பெங்களூருக்கு வந்திருக்காது.

டாலிட்ஸ் தன் கேள்வியை விடவில்லை. பெரும்பாலோர் குவார்க்கை வேடிக்கையாகப் பார்த்த 1965, 66இல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து அதை உண்மைத் துகளாகவே எடுத்துக் கணக்குப் போட்டவர் அவர். ராஜசேகரன் சிகாகோவில் அவரிடமே முனைவர் பட்டம் செய்தார். 1976இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து, பிறகு தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் தலைமுறைகளுக்குத் துகள் இயற்பியல் சொல்லிக்கொடுத்தார். மெசான்களோ இன்னும் முழுதாக அடங்கவில்லை. 980 எம்.இ.வி பக்கத்தில் ஏ-சுழி, எஃப்-சுழி என்று இரண்டு இருக்கின்றன. குவார்க்கும் எதிர் குவார்க்குமான ஜோடி என்று வைத்தால் அவற்றின் நிறை வரிசை தலைகீழாக வருகிறது. நான்கு குவார்க் கூட்டு என்று 1977இல் ஜாஃபே சொன்னார். இரண்டு கேயான்கள் ஒட்டிய மூலக்கூறு என்பார் சிலர். வழக்கு இன்னும் நடக்கிறது.