கலைப்பொருட்களில் தோல், ஓடு, தந்தம்

இறந்த விலங்கின் தோல், மயிர், எலும்பு, ஓடு, கொம்பு, தந்தம் ஆகியவற்றைக் கலைக்குப் பயன்படுத்துவது பற்றிய அறக்கேள்வி இரு கிளைகளாகப் பிரிகிறது. அப்பொருள் தூய்மையானதா என்பது ஒன்று. அந்த உயிர் எப்படி, எதற்காகப் பிரிந்தது என்பது மற்றொன்று. இலங்கையின் அம்பாறைக் கரையில், கல்முனை மாநகர எல்லைக்குள் முஸ்லிம்களும் தமிழரும் அடுத்தடுத்து வாழும் நற்பிட்டிமுனை போன்ற ஊர்களில் முதற்கேள்விக்கு நெடுங்காலமாகத் தெளிவான விடை உண்டு. இரண்டாவதே கனமானது.

இக்கரையில் தோலின் முதன்மையான கலைப்பயன் பறைக்கருவிகளே. பக்கீர் பாவாமார் என்னும் சூபித் துறவிகளின் தகராவும் பெருநாள் காலத்து றபானும் ஒருபக்கம் மட்டும் தோல் போர்த்தவை. ஆட்டுத்தோலை ஊறவைத்து, மயிரை வழித்து, ஈரம் காயுமுன் மரச்சட்டத்தின் மேல் இழுத்து ஆணி அறைவார்கள். காய்ந்ததும் தோல் தானே இறுகும். அடிப்பதற்கு முன் தணலில் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, மந்தமாக ஒலித்தால் மறுபடியும் சூடு காட்டுவார்கள். நோன்புக்கால விடிசாமத்தில் ஸஹர் உணவுக்கு எழுப்பும் பாவாவின் கையிலும், கல்முனைக்குடிக் கடற்கரைப்பள்ளி நாகூர் ஆண்டகை தர்காவின் கொடியேற்றத்திலும் ஒலிப்பது இத்தோல்தான். தமிழர் கோயில்களின் உடுக்கும் பறையும் இவ்வாறே தோலால் ஆனவை.

இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாபிஈ மத்ஹப் என்னும் சட்டப்பள்ளியைப் பின்பற்றுவோர். அச்சட்டப்படி, உண்ணத்தக்க விலங்கை முறைப்படி அறுத்தால் அதன் தோல் பதனிடாமலே தூய்மையானது. அறுக்கப்படாமல் செத்ததன் தோல் நாயும் பன்றியும் நீங்கலாக, பதனிட்டால் தூய்மையாகும். நபிகளாரின் மனைவி மைமூனா நாயகியின் பணிப்பெண்ணுக்குக் கொடுக்கப்பட்ட ஆடு செத்துக் கிடந்தபோது, அதன் தோலையாவது எடுத்திருக்கலாமே என்றும், தடுக்கப்பட்டது அதை உண்பது மட்டுமே என்றும் நபிகளார் கூறிய நிகழ்ச்சி புகாரி, முஸ்லிம் தொகுப்புகளில் உண்டு. ஆனால் பதனிடல் என்பது துவர்ப்பும் காரமும் உள்ள பொருளால் தோலின் ஊனையும் ஈரக்கசிவையும் நீக்குவது. வெயிலில் உலர்த்துவதும் உப்பிடுவதும் போதாது என்பர் ஷாபிஈ அறிஞர். தகராத் தோல் பதனிட்டதல்ல, உலர்த்தியதே. ஆகவே அது அறுத்த ஆட்டிலிருந்தே வந்திருக்க வேண்டும். சட்டம் இவ்விடத்தில் வாத்தியத்தை உணவோடு கட்டிவைக்கிறது: இறைச்சிக்காக அறுத்த ஆட்டின் மீதியே இசையாகிறது. ஹஜ்ஜுப் பெருநாளில் கொடுக்கும் உழ்ஹிய்யாப் பலியின் தோலை விற்கவும் கூடாது, அறுத்தவருக்குக் கூலியாகக் கொடுக்கவும் கூடாது என்ற விதியும் உயிரைக் காசாக்குவதற்கு வரம்பு கட்டுகிறது.

மயிரில் மத்ஹபுகள் பிரிகின்றன. செத்ததன் மயிரும் எலும்பும் உயிரற்ற பாகங்கள், எனவே தூய்மையானவை என்பது ஹனபிகள் நிலை. பதனிட்டாலும் மயிர் தூய்மையாகாது என்பது ஷாபிஈ மத்ஹபின் வலுவான கருத்து. மயிரோடு கூடிய தோலாடை இங்கு வேரூன்றவில்லை. கொடுவிலங்குகளின் தோலை விரித்து அமர்வதையும் நபிமொழிகள் தடுக்கின்றன. தம் மகள் பாத்திமா நாயகிக்கு நபிகளார் வாங்கச் சொன்னதாக வரும் 'ஆஜ்' வளையல் யானைத் தந்தமா, கடலாமை ஓடா என்று உரையாசிரியர்கள் வாதிட்டனர். தந்தத்தை அசுத்தம் என்போர் ஆமையோடு என்றே கொண்டனர். அதுவே பொருத்தமானது.

ஆமையோடு தூய்மையானதென்றாலும் அதை எடுத்த விதம் கொடியது. இலங்கைக் கரையில் முட்டையிட ஏறும் அழுங்காமையைப் பிடித்து, நெருப்பின் மேல் தொங்கவிட்டு, சூட்டில் தகடுகள் எலும்பைவிட்டு எழும்பியதும் உரித்தெடுத்து, ஆமையைக் கடலுக்குள் விட்டதாக 1861-இல் பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட் எழுதினார். செத்தபின் எடுத்தால் ஓட்டின் நிறம் மங்கிவிடும் என்பதே காரணம். 1826-இல் அம்பாந்தோட்டையருகே பிடிபட்ட ஓர் ஆமையின் துடுப்பில், முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒல்லாந்த அதிகாரி ஒருவர் மாட்டிய வளையம் இருந்ததையும் அவர் குறிக்கிறார். அத்தனை காலம் வாழும் உயிர், கரையோரச் சிங்கள ஆண்களின் கொண்டைச் சீப்புக்காகத் தீயில் வாட்டப்பட்டது. உயிருள்ள விலங்கிலிருந்து வெட்டியெடுத்த பாகம் செத்ததற்குச் சமம் என்ற நபிமொழி இங்கே நினைக்கத்தக்கது. 1937-ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தில் 1972-இல் வந்த திருத்தம் கடலாமைகளுக்குப் பாதுகாப்பளித்தது.

தந்தத்தின் வரலாறு அரண்மனையோடு பிணைந்தது. கோட்டை மன்னன் ஏழாம் புவனேகபாகு 1540-களில் லிஸ்பனுக்கு அனுப்பிய தந்தச் செதுக்குப்பெட்டி இன்று மியூனிக்கில் உள்ளது. 2012-இல் கொழும்புத் துறைமுகத்தில் பிடிபட்ட 359 ஆப்பிரிக்கத் தந்தங்களைக் கண்டியின் புத்தர் கோயிலான தலதா மாளிகைக்குக் கொடுக்க முதலில் எண்ணிய அரசு, எதிர்ப்புக்குப் பின் 2016 சனவரி 26 அன்று காலிமுகத்திடலில் அவற்றை நொறுக்கியது. கொல்லப்பட்ட யானைகளுக்காகப் பல்சமயக் குருமார் அங்கே வேண்டுதல் செய்தனர். திருட்டுத் தந்தத்தைக் கோயிலில் வைத்தாலும் அது திருட்டுத் தந்தமே.

தமிழகத்தில் இக்கேள்வி சாதியோடு பிணைந்தது. மிருதங்கத்துக்கு மாடு, எருமை, ஆடு ஆகிய மூன்றின் தோலும் வேண்டும். அத்தோலைத் தேடித் தரும், பெரும்பாலும் தலித்துகளான கைவினைஞர்களைப் பற்றிப் பாடகர் டி. எம். கிருஷ்ணா எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூலின் வெளியீட்டுக்கு 2020-இல் சென்னைக் கலைநிறுவனமான கலாக்ஷேத்ரா தந்த இடத்தைத் திரும்பப் பெற்றது. கஞ்சிராவுக்கான உடும்புத் தோல் இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தால் தடைப்பட்டது. ஆட்டுத்தோலும் செயற்கைத் தோலும் அவ்விடத்தைப் பிடித்தன.

மேலைநாட்டுக் கலைக்கூடங்களில் மெரெட் ஓப்பன்ஹைமின் ரோமம் போர்த்த கோப்பையும் (1936), டேமியன் ஹர்ஸ்ட் பார்மலினில் இட்ட சுறாவும் (1991) பேசப்பட்டவை. சுறா அழுகிப்போனதால் 2006-இல் வேறொரு சுறா கொல்லப்பட்டு அதே தொட்டியில் வைக்கப்பட்டது. இறைச்சியின் மீதியாக வந்த தகராத் தோலை இவற்றோடு ஒரே வரிசையில் வைக்க இயலாது. இன்று பிளாஸ்டிக் முகப்புடைய றபான்களும் விற்பனைக்கு வந்துள்ளன. அவற்றுக்குத் தணல் தேவைப்படுவதில்லை.