உள்ளுறை வெப்பம் உடையான கதை

மூட்டு வலிக்கு வெந்நீர்ப் பையால் ஒத்தடம் கொடுத்திருக்கிறீர்களா? முதலில் சுடும், பிறகு ஆறிவிடும். இதமான சூடு இடையில் சிறிது நேரமே. நீரிழிவினால் காலில் உணர்ச்சி குன்றியவருக்கோ அந்த முதல் சூடே கொப்புளத்தில் முடியலாம். நெடுநேரம் ஒரே சூட்டைத் தரும் பொருள் உண்டா?

உண்டு. அதற்கு வழிகாட்டியவர் ஜோசப் பிளாக். 1760-களின் தொடக்கத்தில் கிளாஸ்கோவில் அவர் பனிக்கட்டி உருகுவதை ஆராய்ந்தார். அது வெப்பத்தை வாங்கிக்கொண்டே இருந்தது, வெப்பநிலையோ ஏறவில்லை! இவ்வாறு மறைந்துபோகும் வெப்பமே உள்ளுறை வெப்பம். 1 கிராம் பனிக்கட்டி உருக ஏறத்தாழ 80 கலோரி வேண்டும். உருகிய பொருள் உறையும்போது, வாங்கியதை அதே வெப்பநிலையில் திருப்பித் தந்துவிடும்.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்து இரயில்களில் பயணிகளின் கால்களுக்குக் கீழே சோடியம் அசிட்டேட் அடைத்த உலோகப் பெட்டிகளை வைத்தார்கள். சுமார் 58 டிகிரி செல்சியசில் உறையும் அந்த உப்பு, வெந்நீரைவிட நெடுநேரம் சூடு தந்தது. ஆனால் உலோகப் பெட்டியை முழங்காலில் சுற்றிக் கட்ட முடியுமா?

மேலும், உடலுக்கு அந்தச் சூடு ஆகாது. 44 டிகிரி சூடுகூட 6 மணி நேரம் தொடர்ந்து பட்டால் தோல் வெந்துவிடும் என்று 1947-இல் மோரிட்ஸ், ஹென்ரிக்கஸ் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர். எனவே உருகுநிலையைத் தேர்ந்தெடுக்க வசதியான பாரஃபின்கள் ஏற்றவையாயின. 18 கார்பன் அணுக்கள் கொண்ட பாரஃபின் சுமார் 28 டிகிரியில் உருகும்; 22 கொண்டது 44 டிகிரியில் உருகும்.

ஆனால், உருகினால் ஒழுகுமே! 1980-களில் நாசாவின் ஆதரவுடன் அதற்கொரு வழி பிறந்தது. விண்வெளி வீரரின் கையுறை போன்றவற்றுக்காக, பாரஃபினை மிக நுண்ணிய உறைகளில் அடைத்துத் துணியில் சேர்த்தனர். துணி வளைந்தது. எனினும் அதில் அடங்கும் பாரஃபின் சொற்பம். சூடும் விரைவில் தீர்ந்தது.

பின்னர் ரப்பர் போன்ற பாலிமர்களுடன் பாரஃபினைக் கலந்தனர். நல்ல அல்வா நெய்யைத் தன்னுள் பிடித்து வைத்திருப்பதுபோல, பாலிமர் வலை உருகிய பாரஃபினைத் தாங்குகிறது. பாரஃபின் மிகுந்தால் சூடு நீடிக்கும், ஆனால் உறைந்ததும் பட்டை விறைக்கும். பாலிமர் மிகுந்தால் வளையும், சூடு குறையும். இவ்விரண்டுக்கும் நடுவே சரியான அளவைக் காண்பதே ஆய்வாளர்களின் முயற்சி.

ஒன்றை மறவாதீர்கள். உருகுநிலைக்கு மேலும் சூடேற்றினால் இந்தப் பட்டையும் சுடவே செய்யும். உணர்ச்சி குன்றிய காலில் கட்டுமுன் மருத்துவரைக் கேளுங்கள்; சூட்டை மற்றொருவர் கை தொட்டுப் பார்க்கட்டும்.