வெயிலைக் கொண்டுவந்த கண்ணாடி

இன்றைக்கு ஒரு மியூசிக் வீடியோவில் சோகம் வேண்டுமென்றால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கொஞ்சம் நீலத்தை ஏற்றிவிடுகிறார்கள். காதலா? மஞ்சளும் ஆரஞ்சும். கோபத்துக்கு இருக்கவே இருக்கிறது சிவப்பு. ஷூட்டிங் முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுகூட பாட்டின் ‘மூட்’டை மாற்றிவிடலாம்!

கறுப்பு வெள்ளைக் காலத்தில் இந்த வசதியெல்லாம் ஏது? வெளிச்சம், நிழல்... கையில் இருந்த சரக்கு இரண்டே இரண்டுதான். அதை வைத்துக்கொண்டு பம்பாயில் ஒரு மைசூர்க்காரர் பண்ணிய வேலைகளை இப்போது பார்த்தாலும் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கும்.

வி.கே.மூர்த்தி. 1923-ல் மைசூரில் பிறந்தவர். பெங்களூரில் ஒளிப்பதிவு படித்தவர். நன்றாக வயலின் வாசிப்பார். (பாட்டு என்று வந்தால் மனிதர் தனி உற்சாகத்தோடு லைட்டை வைத்ததற்கு அந்த வயலினும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம்!) 1951-ல் ‘பாஸி’ படத்தில் அவர் வெறும் உதவியாளர். படத்தின் டைரக்டர் குரு தத்துக்கு அது முதல் படம். ஒரு பாட்டுக் காட்சிக்கு மூர்த்தி ஒரு யோசனை சொன்னார். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தில் ஆரம்பித்து, கேமரா அப்படியே நகர்ந்துபோகும் சிக்கலான ஷாட். நம்ம கேமராமேனுக்கு இது சரிப்பட்டு வருமா என்று குரு தத்துக்குச் சந்தேகம். ‘நானே எடுக்கட்டுமா?’ என்று மூர்த்தி கேட்டார், எடுத்தும் காட்டினார். அன்றைக்கே முடிவாகிவிட்டது. அடுத்த வருடம் ‘ஜால்’ படத்திலிருந்து குரு தத்தின் கேமராமேன் அவர்தான்.

கண்ணாடி அவரை விடவில்லை. எட்டு வருடம் கழித்து இன்னொரு பாட்டுக்காகத் திரும்பி வந்தது.

‘காகஸ் கே பூல்’ (1959), இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படம். திருமணமான ஒரு டைரக்டர், அவர் அறிமுகப்படுத்தும் நடிகை, இருவருக்கும் நடுவில் ஒரு சொல்ல முடியாத காதல். ஆளில்லாத ஸ்டுடியோவில் இவர் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். எஸ்.டி.பர்மனின் இசையில் ‘வக்த் நே கியா’ பாட்டு ஒலிக்கிறது. இரண்டு பேருமே வாயசைப்பதில்லை. டான்ஸ் கிடையாது, தொடுவதுகூடக் கிடையாது. சினிமாஸ்கோப்பின் அந்த அகல ஃப்ரேமை எதை வைத்து நிரப்புவது?

மேலிருந்து சாய்வாக இறங்கும் ஒரு வெளிச்சக் கற்றை வேண்டும் என்று குரு தத்துக்கு ஆசை. கூரை இடுக்கு வழியாக வெயில் விழுமே, அந்த மாதிரி. கேட்பதற்கு எளிது. ஆனால், ஸ்டுடியோ விளக்கின் வெளிச்சம் போகப் போக விரிந்து மங்கிவிடும். சூரியன் கோடிக்கணக்கான மைல் தூரத்தில் இருப்பதால், அதன் கதிர்கள் கிட்டத்தட்ட இணையாகவே வந்துசேரும். கற்றை பிசிறில்லாமல், கத்தி மாதிரி இருக்கும். எந்த விளக்காலும் அதைப் போலி பண்ண முடியாது. மூர்த்தி யோசித்தார். போலி எதற்கு, அசலையே உள்ளே கொண்டுவந்தால் என்ன?

மெஹ்பூப் ஸ்டுடியோவுக்கு வெளியே வெயிலில் ஒரு பெரிய கண்ணாடி. அது வெயிலை வாங்கி உள்ளே அனுப்ப, உயரத்தில் இருந்த இன்னொரு கண்ணாடி அதைத் தரையை நோக்கித் திருப்பியது. காற்றில் கொஞ்சம் புகை, அவ்வளவுதான்! புகை இல்லாவிட்டால் வெளிச்சம் போகும் பாதை நம் கண்ணுக்குத் தெரியாது. சூரியன் சும்மா இருக்காது, நகர்ந்துகொண்டே போகும். கண்ணாடியையும் கூடவே திருப்பிக்கொண்டிருக்க வேண்டும்.

அந்தக் கற்றைக்குள் இருவரின் உருவங்களும் உடலை விட்டுப் பிரிந்து ஆவி மாதிரி நடந்து வந்து சந்திக்கின்றன. நிஜ உடம்புகளோ நின்ற இடத்திலேயே, இருட்டில். கற்றையை மட்டும் எடுத்துவிட்டால் அங்கே மிச்சம், ஒரு கொட்டகையில் சும்மா நிற்கும் இரண்டு பேர்! திரையில் நின்றவர்கள் குரு தத்தும் வஹீதா ரஹ்மானும். பாடியவர் குரு தத்தின் மனைவி கீதா தத். இந்த மூன்று பேரைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதியதையெல்லாம் இங்கே கிளற வேண்டாம். குரல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டு பாட்டை இன்னொரு முறை பாருங்கள், போதும்.

படம் படுதோல்வி. அதற்குப் பிறகு ‘டைரக்‌ஷன்’ என்று தன் பெயரை குரு தத் போட்டுக்கொள்ளவே இல்லை. 1964-ல் இறந்தும் போனார், 39 வயதில். மூர்த்திக்கு பிலிம்ஃபேர் விருது கிடைத்தது. 2008-ம் ஆண்டுக்கான தாதா சாகேப் பால்கே விருதும் பிற்பாடு வந்தது. அதைப் பெற்ற முதல் ஒளிப்பதிவாளர் அவர்தான்.

வெளிச்சத்தை எங்கே போடக் கூடாது என்பதிலும் மன்னன். ‘சாஹிப் பீபி அவுர் குலாம்’ (1962) படத்தில் ஒரு முஜ்ரா நடனம். பின்னால் ஆடும் குழுப் பெண்கள் குரு தத்துக்குத் திருப்தியாக இல்லை. மூர்த்தி ஆளை மாற்றச் சொல்லவில்லை. நடுவில் ஆடும் மினு மும்தாஸ் மேல் மட்டும் வெளிச்சம். மற்றவர்களை முழு நிழலில் தள்ளிவிட்டார். அவர்கள் சுற்றிச் சுழன்றாலும் ஒரு முகம்கூட வெளிச்சத்துக்கு வராது. குறையை மறைக்கச் செய்த ஏற்பாடு... ஆனால், அந்த நிழல்கள்தான் நள்ளிரவு மயக்கத்தையே பாட்டுக்குக் கொடுக்கின்றன.

அப்புறம் கலர் வந்தது. கூடவே ஒரு தலைவலியும். அன்றைய கலர் பிலிமுக்கு வெளிச்சத்தைக் கொட்டியாக வேண்டும். கறுப்பு வெள்ளைக்குப் போதுமான விளக்குகள் அதன் பசிக்கு மூலைக்குக்கூடக் காணாது. ‘சௌத்வின் கா சாந்த்’ (1960) கறுப்பு வெள்ளைப் படம். அதன் தலைப்புப் பாட்டை மட்டும் கலரில் மறுபடி எடுத்தார் மூர்த்தி. தூங்கும் மனைவியின் அழகை நிலவொளியில் கணவன் வர்ணிக்கிற பாட்டு. நிலவொளி நமக்குத்தான். வஹீதாவின் முகத்துக்கு நேரே எரிந்ததெல்லாம் ராட்சச விளக்குகள்!

அந்தப் பாட்டைப் பார்த்த சென்சார்காரர்கள் ஆட்சேபித்த கதையை வஹீதா பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஏற்கெனவே பாஸான அதே காட்சிதான். இப்போது மட்டும் ஏன்? கதாநாயகியின் கண்கள் சிவந்திருக்கின்றனவாம். பார்க்க ஒரு மாதிரி கிளர்ச்சியாக இருக்கிறதாம். விளக்குச் சூட்டில் எரிந்து சிவந்த கண்கள் அவை. கறுப்பு வெள்ளையில் யாருக்குத் தெரிந்திருக்கும்?